யானைமலையில் தொடங்கி ஆய்வகம் வரை: புதிதாக இறங்கும் ஆசிரியர்களுக்கு

ஒத்தக்கடையில் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் தினமும் யானைமலையைப் பார்க்கிறார்கள். தேர்வில் உருமாறிய பாறைக்கு உதாரணம் கேட்டால் மட்டும் வகுப்பே ‘சலவைக்கல்’ என்று எழுதிவிட்டு வரும், புத்தகத்தில் அதுதான் இருக்கிறது. கண்ணெதிரே படுத்திருக்கும் யானைமலையும் உருமாறிய பாறைதான், நைஸ் என்ற வகை. இதை அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. எனக்கும் யாரும் சொன்னதில்லை, வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் கழித்து ஒரு நிலவியலாளர் எங்கள் பள்ளிக்கு வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போன பிறகுதான் தெரிந்தது.

அவர் வந்தது பெரிய ஏற்பாட்டில் எல்லாம் இல்லை. ஒரு கடிதம் போட்டேன், வந்தார். அந்த ஒரு கடிதத்தை எழுத எனக்கு ஏன் அத்தனை வருடம் ஆனது என்பதுதான் இப்போதும் உறுத்துகிறது, அதனால்தான் புவி அறிவியல் ஆய்வு நிறுவனங்களில் இருப்பவர்களைப் பள்ளிக்குக் கூப்பிடுவது, பிள்ளைகளை அங்கே கூட்டிப் போவது பற்றி இதை எழுதுகிறேன். மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் புவியியலோ அறிவியலோ நடத்துகிறவர்கள், அறிவியல் மன்றம் நடத்துகிற கல்லூரிப் பிள்ளைகள், ஆர்வமுள்ள பெற்றோர், யாராக இருந்தாலும் சரி.

முதலில் தயக்கத்தைப் போக்கிவிடுவோம். ‘பெரிய விஞ்ஞானிகள், நம்மை மதித்து வருவார்களா’ என்ற கேள்வி வேண்டாம். இந்த நிறுவனங்கள் பெரும்பாலும் அரசுப் பணத்தில் நடப்பவை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022 மே மாதம் ‘அறிவியல் சமூகப் பொறுப்பு’ என்று ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது, அதன்படி ஆய்வாளர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 10 நாளாவது பள்ளி, கல்லூரி, பொதுமக்களுக்காகச் செலவிட வேண்டும். எத்தனை பள்ளிக்குப் போனோம், எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்பதை நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் எழுதுகின்றன. ஆக, நீங்கள் கூப்பிடுவது அவர்களுக்கும் ஒரு வகையில் உதவிதான். ஆனால் கூப்பிடாமல் வரமாட்டார்கள். மேலூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி இருப்பது ஹைதராபாத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?

முதல் வேலை, உங்கள் ஊர்க் கல்

எந்த நிறுவனத்துக்கும் எழுதுவதற்கு முன்னால் உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். கேள்வி இல்லாமல் கடிதம் எழுதினால் பொதுவான ஒரு சொற்பொழிவுதான் கிடைக்கும், அதற்கு யூடியூப் போதும்.

கிரானைட் கடைகளில் ‘காஷ்மீர் வொயிட்’ என்று ஒரு கல் விற்பார்கள், வெள்ளைக் கல்லில் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். பேரில்தான் காஷ்மீர், கல் நம் மேலூர்ப் பக்கத்தில் வெட்டியது. அந்தச் சிவப்புப் புள்ளிகள் கார்னெட் என்ற கனிமம். பாலிஷ் போடும் பட்டறைகளில் ஓரத்துத் துண்டுகளை மூலையில் கொட்டி வைத்திருப்பார்கள், கேட்டால் ஒரு பை நிறையத் தருவார்கள். நான் முதன்முதலில் கேட்டபோது பட்டறைக்காரர் ‘எதுக்கு சார், வீட்டுக்குப் படிக்கட்டா?’ என்று கேட்டுவிட்டு, பள்ளிக்கு என்றதும் நல்ல துண்டாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஒரு கைலென்ஸ், ஒரு காந்தம், பின்பக்கம் மெருகில்லாத ஒரு டைல்ஸ் துண்டு (கனிமத்தை உரசி நிறம் பார்க்க), இவ்வளவுதான் ஆய்வகம்.

பிள்ளைகளுக்குத் தெரிந்த பேரிலேயே தொடங்குங்கள். வெங்கச்சங்கல் என்றால் தெரியும், அதுதான் குவார்ட்ஸ். காக்காய்ப்பொன் என்றால் தெரியும், அது மைக்கா. கரிசலில் கிடக்கும் சுக்கான்கல்லை இடித்துப் பொடியாக்கி வினிகர் ஊற்றினால் நுரைக்கும், அதில் சுண்ணாம்பு இருக்கிறது. கல்லுடைக்கிற வேலை பார்த்த தாத்தா யார் வீட்டிலாவது இருப்பார், எந்தப் பக்கம் உளி வைத்தால் கல் நேராகப் பிளக்கும் என்பதை அவரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். பாறையில் கனிமங்கள் வரிசையாகப் படிந்திருப்பதை அந்தக் கை அறிந்த மாதிரி புத்தகத்தால் சொல்ல முடியாது.

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். யானைமலை, சமணர் மலை, அரிட்டாபட்டி போன்ற இடங்களில் சுத்தியல் எடுக்கவே கூடாது. அங்கே சமணப் படுக்கைகளும் பழைய கல்வெட்டுகளும் இருக்கின்றன. அரிட்டாபட்டி 2022 முதல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம். பார்க்கலாம், படம் எடுக்கலாம், வரையலாம். அப்புறம், கைவிட்ட குவாரிப் பள்ளங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள், தண்ணீர் நிற்கும் பள்ளத்தின் ஆழம் மேலே நின்று பார்த்தால் தெரியாது.

இரண்டாவது, வரைபடம்

நிறைய பேர் தவறவிடுவது இதைத்தான். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1851ல் தொடங்கியது, ரயில்வேக்கு நிலக்கரி தேடுவதற்காக ஆரம்பித்த துறை, இப்போது நாடு முழுக்க நிலவியல் வரைபடங்களை வைத்திருக்கிறது. அவர்களுடைய ‘பூகோஷ்’ இணையதளத்தில் பதிவுசெய்துகொண்டால் உங்கள் வட்டாரத்தின் பாறை வரைபடத்தைக் காசில்லாமல் எடுக்கலாம். இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களும் அவர்கள் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய எண் முறையில் மதுரை நகரமும் யானைமலையும் இருப்பது 58 கே/1 தாளில், மேலூரும் அரிட்டாபட்டியும் 58 ஜே/8ல். அளவு 1:50,000, அதாவது தாளில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ.

அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். முதல் நாள் பிள்ளைகள் தங்கள் ஊரைத் தேடுவார்கள், இரண்டாம் நாள் ஊருக்குக் கீழே உள்ள நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வரும்வரை காத்திருங்கள், நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.

நிலவியலாளர்கள் ‘மதுரைப் பாளம்’ என்று சொல்வதையும் அப்போது அறிமுகப்படுத்தலாம். உலகத்து ஆய்விதழ்களில் மதுரையின் பேர் அடிக்கடி அடிபடுவது மீனாட்சி கோயிலால் அல்ல, இந்தப் பாளத்தால். பாலக்காடு–காவேரிப் பிளவுப் பகுதிக்கும் அச்சன்கோவில் பிளவுப் பகுதிக்கும் நடுவில் இருக்கும் பெரிய நிலத்துண்டு இது. சுமார் 55 கோடி வருடத்துக்கு முன்பு பூமிக்குள் ஆழத்தில் 900 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் வெந்த பாறைகள், பிற்பாடு மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து போய் வெளியே வந்து நிற்கின்றன. கொடைக்கானல் போகிற வழியில் வருகிற கெங்குவார்பட்டி, இப்படிப்பட்ட பாறைகளுக்காக வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கும் தெரிந்த ஊர். நாம் அங்கே டீ குடித்துவிட்டுப் போய்விடுகிறோம்.

2024 கடைசியில் மேலூர்ப் பக்கத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் பெரிய போராட்டமாகி, 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த இரண்டு மாதமும் பிள்ளைகள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான், ‘டங்ஸ்டன்னா என்ன சார், நம்ம பாறைக்குள்ள எப்படி வந்துச்சு?’ அரசியலுக்கு ஆயிரம் பேர் பதில் வைத்திருந்தார்கள். இந்தக் கேள்விக்கு வகுப்பில் பதில் சொல்ல நான் தடுமாறினேன். சொல்லக்கூடியவர்கள் அந்த நிறுவனங்களில்தான் இருக்கிறார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை, அரசுத் துறை ஆய்வாளரை அழைத்து வைத்துக்கொண்டு ‘சுரங்கம் வேண்டுமா வேண்டாமா’ என்று மடக்காதீர்கள். அவரால் பதில் சொல்ல முடியாது, அடுத்த தடவை வரவும் மாட்டார்.

மூன்றாவது, யாரிடம் என்ன கிடைக்கும்

மதுரையிலிருந்து போய்வரக்கூடிய இடங்களை மட்டும் முதலில் சொல்கிறேன்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899ல் நிறுவப்பட்டது, இப்போது பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. 1909ல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டது இங்கேதான். ஒரு நூற்றாண்டுக்கு மேலான சூரியப் படங்கள் அங்கே இருக்கின்றன. சூரியனுக்கும் புவி அறிவியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அடுத்த இடத்தைப் பாருங்கள்.

திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரம். கோயில் சிற்பத்துக்காகப் போகிறவர்கள் உண்டு, அதே ஊரில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. நெல்லை காந்த நடுக்கோட்டுக்கு (காந்த ஊசி எந்தப் பக்கமும் சாயாமல் மட்டமாக நிற்கும் கோடு) அருகில் இருப்பதால்தான் அங்கே ஆய்வகம். பகல் நேரத்தில் நம் தலைக்கு மேல் 100 கி.மீ. சொச்சம் உயரத்தில், அந்தக் கோட்டை ஒட்டி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது, அதைத் தரையில் இருந்தே காந்தமானியால் அளக்கிறார்கள். 2024 மே 10, 11 தேதிகளில் சூரியப் புயல் அடித்தபோது லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததைப் படமெடுத்தார்கள், அதே நாட்களில் காந்தமானிகளில் கோடு எப்படித் துள்ளியது என்று கேளுங்கள். கொடைக்கானலில் காரணம், கிருஷ்ணாபுரத்தில் விளைவு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற வாய்ப்பு தென் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

நெல்லை போகிறீர்கள் என்றால் மாவட்ட அறிவியல் மையத்தையும் அதே நாளில் பார்த்துவிடலாம். திருவனந்தபுரத்தில் 1978ல் தொடங்கிய தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் இருக்கிறது, கடற்கரை அரிப்பு, நிலச்சரிவு என்றால் அவர்கள். சென்னை பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், ஆழ்கடலுக்கு மூவரை அனுப்பும் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கி வேலை நடப்பது அங்கே.

தூரமாக இருப்பவர்களை நேரில் கூப்பிட வேண்டாம், வீடியோ அழைப்பு போதும். கோவாவில் இருக்கும் தேசியத் துருவ, கடல் ஆய்வு மையம்தான் அண்டார்டிகாவின் மைத்ரி, பாரதி நிலையங்களை நடத்துகிறது. அங்கே குளிர்காலம் முழுக்கத் தங்கிவிட்டு வந்தவர் ஒருவரை 40 நிமிடம் பேச வைத்துப் பாருங்கள், மதியச் சாப்பாட்டு மணி அடித்தாலும் பிள்ளைகள் எழ மாட்டார்கள். ஹைதராபாத் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை மையம், 2004 சுனாமிக்குப் பிறகு 2007ல் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கிய இடம். டேராடூனில் இருக்கும் இஸ்ரோவின் தொலையுணர்வு நிறுவனம் இணையத்தில் இலவசப் படிப்புகள் நடத்திச் சான்றிதழும் தருகிறது, இது ஆசிரியர்களுக்கே நல்லது.

தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள், பல நிறுவனங்கள் ஏதாவது ஒரு நாளில் கதவைத் திறந்துவிடுவார்கள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள், மார்ச் 4 நிலவியல் ஆய்வுத் துறையின் நிறுவன நாள், மார்ச் 23 உலக வானிலை நாள், ஜூலை 27 புவி அறிவியல் அமைச்சகத்தின் நாள், செப்டம்பர் 26 சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம்) நாள், அக்டோபர் 4 முதல் 10 வரை விண்வெளி வாரம்.

நான்காவது, கடிதம்

இதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டேன். என் முதல் கடிதம் இரண்டு பக்கம், ‘மாணவர்களின் அறிவியல் மனப்பான்மையை வளர்க்கும் பொருட்டு’ என்று தொடங்கி, கடைசிவரை என்ன வேண்டும் என்று சொல்லவே இல்லை. பதில் வரவில்லை. வராதது நியாயம்தான்.

இப்போது இப்படி எழுதுகிறேன்:

‘ஐயா/அம்மா, மேலூர் வட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். ஒன்பதாம் வகுப்பில் 38 பேர், தமிழ்வழி. எங்கள் ஊர்ப் பாறையில் சிவப்புப் புள்ளிகள் ஓர் இடத்தில் அடர்த்தியாகவும் பத்தடி தள்ளி இல்லாமலும் இருக்கின்றன, ஏன் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். படங்கள் இணைத்துள்ளேன். பிப்ரவரி 10 முதல் 28க்குள் ஏதாவது ஒரு வேலை நாளில் தமிழ் தெரிந்த ஒருவர் வீடியோ அழைப்பில் 40 நிமிடம் பேச முடியுமா? முடியாவிட்டால் பதில் எழுதி அனுப்பினாலும் போதும்.’

சின்ன வேண்டுகோள், ஒரு கேள்வி, தேதி, எத்தனை பேர், எந்த மொழி. கடைசி வரியில் அதைவிடச் சின்ன வேண்டுகோள் ஒன்று இருக்கட்டும், அவர் மறுக்க முடியாதபடி. ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தால் நாலே வரியில் எழுதுங்கள், இலக்கணம் தப்பாகிவிடுமோ என்று ஆறு மாதம் தள்ளிப்போடாதீர்கள். இயக்குநருக்கு அனுப்பி, மக்கள் தொடர்பு பார்ப்பவருக்கு நகல் வையுங்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் போன் போடுங்கள், அதில் கூச்சப்பட எதுவும் இல்லை. தலைமையாசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் இருந்தால் அரசு நிறுவனங்களில் வேலை சீக்கிரம் நடக்கும்.

ஐந்தாவது, நேரில் போவதென்றால்

ஒரு தடவை 45 பிள்ளைகளோடு ஒரு நிறுவனத்தின் வாசலில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன். போனில் ‘வாங்க சார்’ என்று சொன்னவர் அன்றைக்கு விடுப்பு, காவலாளியிடம் எந்தத் தாளும் இல்லை. பிள்ளைகள் வாங்கி வந்த புளியோதரையை ரோட்டோர வேப்பமரத்தடியில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். அன்றிலிருந்து எழுத்தில் அனுமதி கையில் இல்லாமல் வண்டி பேசுவதில்லை. பெயர்ப் பட்டியல், ஆசிரியர்களின் அடையாள அட்டை, கேமராவுக்கு அனுமதி உண்டா, கழிப்பறை எங்கே, சாப்பாடு எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம், எல்லாம் முந்தின வாரமே கேட்டுவிடுங்கள். வெளியூர் என்றால் கல்வித் துறை அனுமதியும் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

கூட்டம் வேண்டாம். 45 பேரைக் கூட்டிப் போனால் முன்வரிசைப் பத்துப் பேருக்குத்தான் எதுவும் காதில் விழும். 20 பேர் போதும், மற்றவர்களுக்கு அடுத்த முறை.

போவதற்கு முன் ஒரு வகுப்பாவது நடத்திவிட்டுப் போங்கள். கிருஷ்ணாபுரம் போவதற்கு முன் நான் செய்வது இது. ஒரு கோணி ஊசியை நடுவில் நூலால் கட்டி மட்டமாகத் தொங்கவிட வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்தால் நூலை நகர்த்திச் சரிசெய்ய வேண்டும், அதற்கே அரை மணி ஆகும். பிறகு நூலை நகர்த்தாமல் காந்தத்தால் ஒரே திசையில் இருபது தடவை தேய்த்துவிட்டு மறுபடி தொங்கவிட்டால் வடக்கு தெற்காகத் திரும்பும், கிட்டத்தட்ட மட்டமாகவே நிற்கும். இதே ஊசியை டெல்லியில் தொங்கவிட்டால் வடமுனை 40 பாகைக்கு மேல் கீழே சாயும். பக்கத்தில் இரும்பு மேசை இருந்தால் ஊசி அதைத்தான் பார்க்கும், எனக்கு ஒரு பீரியட் முழுக்க இப்படி வீணாகியிருக்கிறது.

அவர்கள் வரும்போது

மொழிதான் பெரிய தடை. வருகிறவர் தமிழராக இருந்தாலும் பாடத்தைத் தமிழில் பேசிப் பழகியிருக்க மாட்டார். படக்காட்சியை இரண்டு நாள் முன்பே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், அதில் வரும் இருபது முப்பது சொற்களுக்குத் தமிழ் எழுதிப் பலகையில் ஒட்டிவிடுங்கள். கேள்விகளைத் துண்டுத் தாளில் வாங்கிக் கொடுங்கள், எழுந்து கேட்கச் சொன்னால் வழக்கமான மூன்று பேர்தான் எழுவார்கள்.

கருவி வாங்கவேண்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஃபைபாக்ஸ்’ செயலி இலவசம், போனைத் தரையில் வைத்துவிட்டுக் குதித்தால் அதிர்வு கோடாக வரும். கல் ஏற்றிய லாரி ரோட்டில் போகும்போதும் வருகிறதா என்று பாருங்கள். அமெரிக்காவின் எர்த்ஸ்கோப் அமைப்பு பள்ளிகளுக்கென்றே நிலநடுக்கப் பதிவுகளைக் காட்டும் மென்பொருளை இலவசமாகக் கொடுக்கிறது. முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் இடையில் உள்ள வினாடிகளை 8ஆல் பெருக்கினால், பக்கத்து நிலநடுக்கமாக இருந்தால், தோராயமாக எத்தனை கி.மீ. தூரம் என்று கிடைத்துவிடும். ‘நம்ம பக்கம் நிலநடுக்கமே வராதே சார்’ என்பார்கள். 1900 பிப்ரவரி 8ல் கோயம்புத்தூரில் வந்ததைச் சொல்லுங்கள்.

மழைமானி இன்னும் எளிது. காலை 8.30க்கு அளந்து எழுதுங்கள், வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது, அதனால் உங்கள் எண்ணை அவர்கள் எண்ணோடு ஒப்பிடலாம். வித்தியாசம் வந்தால் அடுத்த கடிதத்துக்குக் கேள்வி தயார்.

ஆர்வம் பிடித்துக்கொண்ட பிள்ளைகளுக்கு மேலே போக வழி உண்டு. ஒன்பதாம் வகுப்புக்கு இஸ்ரோவின் யுவிகா என்ற இளம் விஞ்ஞானி பயிற்சி, 2019 முதல் நடக்கிறது, கிராமப்புறப் பள்ளிகளுக்குத் தனி மதிப்பெண் உண்டு, ஆனால் அறிவிப்பு வந்து சில வாரங்களில் பதிவு முடிந்துவிடும். சர்வதேசப் புவி அறிவியல் ஒலிம்பியாட் என்று ஒன்று 2007 முதல் நடக்கிறது, 2013ல் மைசூருவில் நடந்தது, அதற்கு இந்தியாவில் தேர்வு வைத்து ஆள் எடுக்கிறார்கள். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு உங்கள் மழைமானிக் கணக்கே ஒரு ஆய்வாகும்.

பேச்சு முடிந்த வாரத்திலேயே நன்றிக் கடிதம் போடுங்கள், வெறும் நன்றியாக இல்லாமல் பிள்ளைகளின் மிச்சக் கேள்விகளோடு. கிருஷ்ணாபுரம் போய்வந்த பிறகு ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டாள், ‘அங்க ஊசி மட்டமா நின்னா, அதையும் தாண்டித் தெற்க போனா எந்தப் பக்கம் சாயும்?’ அதை அப்படியே அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து ஒரு பக்கத்துக்குப் பதில் வந்தது, கையால் வரைந்த படத்தோடு: தென்முனை கீழே சாயும், போகப் போக அதிகமாகும், காந்தத் தென்துருவத்தில் செங்குத்தாக நிற்கும் என்று. கீழே அவர் ஒரு வரி சேர்த்திருந்தார், அடுத்த முறை வரும்போது அந்தப் பிள்ளையைக் கட்டாயம் கூட்டி வாருங்கள் என்று. அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு, அனுமதிக்கு நேற்றுதான் எழுதிப் போட்டேன்.